பெலெயாமா என்றொரு ஊர்

கமலநாயகி வேலை செய்த மருத்துவமனையின் சமையலறை நிலத்துக்குக் கீழே இருந்தது. வெளியே ஜேர்மனியின் ஓபர்ஹவுசன் நகரில் மழையா வெயிலா என்று அங்கே நிற்பவர்களுக்குத் தெரியாது. மேலே மாடிகளில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் அங்கிருந்துதான் போகும். நடுவில் நீளமான பட்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்க, இரு பக்கமும் பெண்கள் நிற்பார்கள். தட்டு முன்னால் வரும்போது அதிலுள்ள அட்டையைப் பார்த்து, உப்பில்லாததா, சீனி வருத்தக்காரருக்கா, மசித்ததா என்று கண்டு அவரவர் பங்கை வைத்துவிடவேண்டும். யாராவது பிந்தினால் மேற்பார்வைக்காரி ஃபிராவ் கோல்ப பட்டியை நிறுத்திவிட்டு எல்லோருடைய முகத்தையும் ஒருமுறை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே கைகள் தாமாக ஓடும்.

கமலநாயகி உருளைக்கிழங்கு வைப்பவள். அவளுக்கு நேரெதிரே நின்று சோஸ் ஊற்றுபவள் எபியெரே. நைஜீரியாக்காரி. நல்ல உயரம், கமலநாயகியைவிடப் பத்து வயதாவது இளையவளாக இருப்பாள். வருடக்கணக்காக எதிரெதிரே நின்றதில் ஒருத்தியின் கைவேகம் மற்றவளுக்குப் பழகிவிட்டது.

சிநேகிதம் தொடங்கியது கருவாட்டால். ஒருநாள் கமலநாயகி கத்தரிக்காயும் கருவாடும் போட்டு வைத்த குழம்பைச் சோற்றோடு கொண்டுபோய் இடைவேளையில் திறந்தாள். மற்றப் பெண்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள். எபியெரே கிட்ட வந்து கதிரையை இழுத்துப் போட்டாள்.

"என் பெரியம்மாவின் வீடு இப்படித்தான் மணக்கும். நாங்கள் மீனை வெயிலில் போடமாட்டோம். புகையில் வாட்டுவோம்."

அவர்கள் பேசிக்கொண்டது சமையலறை ஜேர்மன். வினைச்சொல் எங்கே நிற்கவேண்டும் என்ற கவலை இருவருக்கும் இல்லை.

"உன் ஊர் எது?" என்று எபியெரே கேட்டாள்.

"மயிலிட்டி. இலங்கையின் வடக்குக் கடற்கரை. இப்போது அங்கே ஆமி இருக்கிறது. நாங்கள் போகமுடியாது."

"ம-யி-லிட்-டி." எபியெரே ஒழுங்காகச் சொன்னாள். ஜேர்மன்காரர் யாரும் அப்படிச் சொன்னதில்லை. "என்னுடையது பெலெயாமா. பெரிய ஆறொன்று நூறு கிளையாகப் பிரிந்து கடலுக்குள் போகிற இடம். வள்ளத்தில்தான் போகலாம். அம்மா செத்தபிறகு பெரியம்மாதான் வளர்த்தாள். உன் ஊர் போலத்தான். வரைபடத்தில் தேடினால் கிடைக்காது."

அன்றைக்குப் பிறகு ஒருத்தி மற்றவளின் ஊர்ப் பெயரை மறக்கவில்லை.

கமலநாயகியின் கணவர் பரராசசிங்கம் கொம்பிரசர் செய்யும் பிர்மா ஒன்றில் வேலை செய்தார். எரிவாயுவை அழுத்திக் குழாய்க்குள்ளால் தள்ளிவிடுகிற பெரிய இயந்திரம் அது. ஒரு வீடளவு இருக்கும். எண்பத்தைந்தில் அகதியாக வந்து, முகாமில் கிடந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு தொழில் பழகி அந்த வேலைக்குப் போனவர். இயந்திரத்தோடு கூடப் போய், பொருத்தி, ஓடவைத்துவிட்டு வரும் குழுவில் அவர் இருந்தார். அதுவரை போலந்து, நோர்வே என்று போய்வந்தவர்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு பிறந்த அன்றே உக்ரைனுக்குப் போகும் எரிவாயுக் குழாயை ரஷ்யா அடைத்தது. ஜேர்மனியில் ஒரு வீடும் குளிரவில்லை. ஆனாலும் தொலைக்காட்சியில் வேறு கதை இல்லை. யார் யாரோ வந்திருந்து, இனி ஒரு கதவை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று சொன்னார்கள். கொஞ்சக் காலத்தில் பிர்மாவின் முதலாளி தொழிலாளர் எல்லோரையும் கூட்டிவைத்து, ஆபிரிக்காவில் எண்ணெய்க் கிணறுகளின் மேல் காஸ் சும்மா எரிந்து வீணாகிறது, அதை அழுத்திக் குளிராக்கிக் கப்பலில் ஏற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுவரும் பெரிய வேலையில் நமக்கும் பங்கு கிடைத்திருக்கிறது என்று அறிவித்தார். எல்லோருக்கும் பியர் கொடுத்தார்கள்.

அன்று பின்னேரம் பரராசசிங்கம் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றமுன்னமே சொன்னார்.

"இஞ்சேரும், என்னையும் போட்டிருக்கிறாங்கள். நைஜீரியா."

கமலநாயகி இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். உரலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அங்க ஆக்களைக் கடத்துறாங்களாம். நேற்றும் ரீவியில சொன்னவங்கள்."

"வேலிக்குள்ளதான் வேலை. வேலிக்கு வெளியில ஆமி நிக்கும். நீர் பயப்பிடாதையும்."

"ஆமி நிக்கிறபடியாத்தான் பயப்பிடுறன்."

மகள் ஆரணி போஹும் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கணினியை மூடிவிட்டு வந்தாள்.

"அப்பா, அங்க கரண்ட் இல்லாமச் சனம் விறகு எரிக்குது. அவையின்ர காஸ் கப்பலில ஏறி இஞ்ச வரப்போகுது. இது உங்களுக்குச் சரியாப் படுதோ?"

"நான் நட்டு இறுக்கிறவன், பிள்ளை. காஸ் ஆருக்குப் போகுது எண்டு என்னைக் கேட்டோ விக்கிறாங்கள்? நான் போகாட்டி வேற ஒருத்தன் போவான்."

"எல்லாரும் இதைத்தானே சொல்லுவினம்."

"ஓம், எல்லாரும் இதைத்தான் சொல்லுவினம். ஏனெண்டால் எல்லாருக்கும் அடுத்த நாளும் வேலைக்குப் போகவேணும்."

அடுத்த நாள் கமலநாயகி இதை எபியெரேயிடம் சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது. உன் நாட்டுக்கு என் மனுசன் போகிறார் என்ற மாதிரி. எபியெரே கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"போகவேண்டாம் என்று சொல்."

"ஏன்?"

"எங்கள் ஊருக்கு இரவு வருவதில்லை. பக்கத்துக் கிணற்றில் அந்தக் காஸ் நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். நான் பிறந்த நாளிலிருந்து எரிகிறது. தண்ணீரில் எண்ணெய். மீன் இல்லை. என் அப்பா நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு எண்ணெய்க் கம்பனிக்குப் போய் நியாயம் கேட்டார். சிப்பாய்கள் கொண்டுபோனார்கள். நான்கு பேரும் வரவில்லை, அப்பாவும் வரவில்லை. இப்போது கேட்கப் போகிறவர்கள் துவக்கோடு போகிறார்கள்." மறுபடி கரண்டியை எடுத்தாள். "உன் கணவன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை."

பரராசசிங்கம் இலையுதிர்காலத்தில் போய், பத்திரமாகத் திரும்பினார். வெயிலில் இன்னும் கறுத்திருந்தார். வந்த அன்று நண்டுக்கறியோடு சோறு சாப்பிட்டபடி நெடுநேரம் கதைத்தார்.

"இத்தாலிக்காரன் குழாய் போடுறான். பிரெஞ்சுக்காரன் காஸ் நிரப்புற ராங்கி கட்டுறான். சீனாக்காரன் றோட்டுப் போடுறான். அமெரிக்காக்காரன் வந்து எல்லாத்தையும் பார்த்திட்டுப் போறான். அந்த ஊர்க்காரர் மட்டும் வேலிக்கு வெளியில நிண்டு வாழைப்பழம் விக்கினம். இரவில வெளியில வந்தால் பேப்பர் வாசிக்கலாம், கமலம். அவ்வளவு வெளிச்சம். பறவையள் விடியுது எண்டு நினைச்சுக் கத்திக்கொண்டே இருக்கும்."

"இனிப் போகத் தேவையில்லைத்தானே?"

"தை மாசம் ஒருக்கா. மிசினை ஓடவிட்டுப் பாக்கவேணும். அதோட முடிஞ்சுது."

தை மாதம் போனார். அவர் போன இரண்டாம் கிழமைதான் கிரில் என்ற புயல் ஜேர்மனியை அடித்தது. பாடசாலைகளை மதியத்தோடு மூடினார்கள். ரயில்கள் எல்லாம் நின்றன. ஃபிராவ் கோல்ப இரவுச் சாப்பாட்டை முன்னதாகவே அனுப்பிவிட்டுப் பெண்களை வீட்டுக்குப் போகச் சொன்னாள். கமலநாயகி பஸ் இல்லாமல் நடந்தே வந்தாள். கூரை ஓடுகள் பறந்து வந்து தெருவில் சிதறிக் கிடந்தன. நனைந்து, மூச்சு வாங்கி வீட்டுக் கதவைத் திறந்தபோது ஆரணி தொலைபேசியைக் காதில் வைத்தபடி விறாந்தையில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் கமலநாயகி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"செத்துப்போனாரோ?"

"இல்லையம்மா. பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். வள்ளத்தில போகேக்க. மூண்டு பேராம்."

பிர்மாவின் ஆள் ஹெர் லூக்கன் அடுத்த நாள்தான் வந்து சேர்ந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கமலநாயகி போட்டுக் கொடுத்த தேத்தண்ணீரை முழுதாகக் குடித்தார். வெளிநாட்டமைச்சும் பிர்மாவும் சேர்ந்து பேச்சு நடத்துகின்றன என்றார். பத்திரிகைக்கோ, உறவினருக்கோ, வேலை செய்யுமிடத்திலோ ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்றார்.

"இங்கே ஒரு சொல் வெளியே போனால் அங்கே ஒரு உயிர் போகலாம், ஃபிராவ் பரராசசிங்கம்."

கமலநாயகி தலையாட்டினாள். வீட்டில் இருந்தால் தலை வெடித்துவிடும் போலிருந்தது, வேலைக்குப் போனாள். உப்பில்லாத தட்டில் உப்புக் கிழங்கையும், மசித்தது வைக்கவேண்டிய தட்டில் முழுக்கிழங்கையும் வைத்தாள். ஃபிராவ் கோல்ப பட்டியை நிறுத்தினாள். எதிரே நின்ற எபியெரே கையை நீட்டித் தட்டுகளை மாற்றிவைத்தாள். கமலநாயகி கிழங்கு மூட்டை எடுக்கக் குளிர் அறைக்குள் போனபோது பின்னால் வந்து கதவைச் சாத்தினாள்.

"உன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உன் கணவனை எங்கே வைத்துப் பிடித்தார்கள்?"

கமலநாயகிக்கு ஹெர் லூக்கனின் சொல் நினைவு வந்தது. எபியெரேயின் கண்ணைப் பார்த்ததும் அது நிற்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். குளிரில் இருவர் வாயிலிருந்தும் புகை வந்தது. எபியெரே ஆற்றின் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அடுத்த நாள் இடைவேளையில், மேசைக்குக் குறுக்கே சாய்ந்து மெதுவாகப் பேசினாள்.

"பெரியம்மாவோடு பேசினேன். எங்கள் ஊரில்தான் வைத்திருக்கிறார்கள். மூன்று பேர். இரண்டு பேர் வெள்ளை. ஒருவர் எங்களைப்போல் கறுப்பு, ஆனால் முடி எங்களைப்போல் இல்லை. வெள்ளைக்காரர் கரண்டி கேட்டார்களாம். மற்றவர் கையால் பிசைந்து சாப்பிட்டாராம். பெரியம்மா சிரித்தாள்."

கமலநாயகி முந்தானையில்லாத அந்த வேலை உடுப்பின் நுனியைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெரியம்மாவா சமைத்துக் கொடுக்கிறாள்?"

"வேறு யார்? அந்த இளைஞர்கள் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். கேட்காவிட்டாலும் கொடுப்பாள். ஊர்ப் பெரியவர்கள் அவர்களோடு பேசுகிறார்கள். விட்டுவிடுவார்கள், கமலா. கொஞ்சம் பொறு. ஆனால் ஒன்று. ஊரின் பெயர் உன் வாயிலிருந்து வரக்கூடாது. சிப்பாய்கள் வந்தால் யார் எவர் என்று பார்க்கமாட்டார்கள். உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும்."

"சத்தியம் செய்."

கமலநாயகி ஆரணியின் தலைமேல் சத்தியம் என்றாள். அவளுக்கு உண்மையாகவே தெரியும். மயிலிட்டியில் யாரோ ஒருவன் ஒரு வீட்டை ஆமிக்குக் காட்டிக்கொடுத்தான். அந்த வீட்டோடு அந்த ஒழுங்கையில் இருந்த அத்தனை வீடும் எரிந்தது. அவளுடைய சின்னமாமா அந்த ஒழுங்கையில்தான் இருந்தார். காட்டிக்கொடுத்தவன் பெயர் தெரியாமலே அவனைச் சபித்துக்கொண்டு வாழ்ந்தவள் அவள்.

மாசி பிறந்தது. ஹெர் லூக்கன் மறுபடி வந்தார். இந்த முறை தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"மூவரில் ஒருவருக்குக் கடும் காய்ச்சல். மலேரியாவாக இருக்கலாம். நினைவில்லாமல் கிடக்கிறாராம். யார் என்று அவர்கள் சொல்லமாட்டேன் என்கிறார்கள். பேச்சு நின்றுபோய்விட்டது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் எங்களுக்குத் தெரியவில்லை." கைகளைக் கோத்துக்கொண்டார். "உங்கள் கணவர் கடைசியாகப் பேசும்போது ஏதாவது இடத்தின் பெயர் சொன்னாரா? எதுவானாலும் சொல்லுங்கள்."

ஆரணி அழத் தொடங்கினாள். கமலநாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் பேசினாள்.

"பிள்ளை, எனக்கு இடம் தெரியும்."

"என்னம்மா சொல்லுறியள்?"

"எபியெரேன்ர ஊர். அவவின்ர பெரியம்மாதான் அப்பாவுக்குச் சாப்பாடு குடுக்கிறா."

ஆரணி அழுகையை நிறுத்தி ஹெர் லூக்கனை ஒருமுறை பார்த்தாள். அவர் பொறுமையாக இருந்தார். ஏதோ குடும்ப விசயம் கதைக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

"சொல்லுங்கோம்மா. உடன சொல்லுங்கோ."

"சொன்னால் ஆமி போகும், பிள்ளை."

"ஆமி போகட்டும்! அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரட்டும்."

"நீ இஞ்ச பிறந்தனி. உனக்கு ஆமி எண்டால் என்ன தெரியும்? அங்க கைக்குழந்தையள் இருக்கும். வயசு போனதுகள் இருக்கும்."

"காய்ச்சல் அப்பாவுக்கு எண்டால்?"

"நான் சத்தியம் பண்ணிப்போட்டன். உன்ர தலையில."

"என்ர தலைக்கு ஒண்டும் வராது. அம்மா, நினைச்சுப் பாருங்கோ. அப்பா அந்த நிலத்தில நினைவில்லாமக் கிடக்கிறார். நீங்கள் வாயை மூடிக்கொண்டு இஞ்ச இருக்கிறியள். நாளைக்குப் பெட்டியில வந்தால் நான் உங்களோட கதைப்பன் எண்டு நினைக்கிறியளோ?"

கமலநாயகி மகளின் கையை விட்டாள். ஹெர் லூக்கன் பக்கம் திரும்பி ஜேர்மனில் கேட்டாள்.

"இடம் தெரிந்தால் என்ன செய்வீர்கள்?"

"பேச்சு நடத்துபவர்களிடம் கொடுப்போம். அவர்களிடம் மட்டும். வன்முறை இராது என்று என்னால் சொல்லமுடியும்."

அவர் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். ஆனால் அவருக்கு மேலே எத்தனை நாட்டுக்காரர், எத்தனை பிர்மாக்காரர் என்பதும், நின்றுபோன இயந்திரத்தால் எத்தனை கப்பல் காத்து நிற்கிறது என்பதும் கமலநாயகிக்குத் தெரியாவிட்டாலும், ஒரு சொல் ஒரு வாயில் நிற்காது என்பது தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

"பெலெயாமா."

அவர் அதை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டு, எழுந்து நின்றே யாருக்கோ தொலைபேசி எடுத்தார்.

பரராசசிங்கம் மாசி முடியமுன் டியூசல்டோர்ஃப் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். காய்ச்சல் கண்டது அவருக்கல்ல, கூடப் பிடிபட்ட பிரெஞ்சுக்காரனுக்கு. அவனும் பிழைத்துக்கொண்டான். பத்திரிகையில் சின்னதாக ஒரு செய்தி வந்தது: மூவரும் காயமின்றி மீட்பு, பொதுமக்களுக்குச் சேதமில்லை. பிர்மா பூக்கூடை அனுப்பியது. இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது என்றும், பெர்லினில் இருந்து ஒரு தூதுக்குழு அங்கே ஒப்பந்தம் பேசப் போகிறது என்றும் கூட வந்த அட்டையில் எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்தவர் அதிகம் கதைக்கவில்லை.

"அடிச்சாங்களோ?" என்று கமலநாயகி கேட்டாள்.

"இல்லை. பெடியள் நல்ல பெடியள். கோபக்காரப் பெடியள், அவ்வளவுதான். கொழும்பில வேலை கேட்டுத் திரிஞ்ச காலத்தில நானும் அப்பிடித்தான் இருந்தன்."

"எப்பிடி விட்டவங்கள்?"

"ஆமி வந்தது. பெடியள் ஓடிட்டாங்கள்."

"சனம்?"

"சனமும் பத்தைக்குள்ள ஓடிட்டுது." அவர் வேறு பக்கம் பார்த்தார். "ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை."

கமலநாயகி அதைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த நாள் அவள் மீன் பொரித்தபோது, எண்ணெய் புகைந்த உடனே அவர் எழுந்து, பனி கொட்டிக்கொண்டிருந்த பல்கனியில் குளிருடுப்பில்லாமல் வெறும் சேட்டோடு போய் நின்றார். ஆரணி கூப்பிட்டும் வரவில்லை.

சமையலறையில் எபியெரே இல்லை. அவள் இடத்தில் ஒரு போலந்துப் பெண் நின்று சோஸைத் தட்டெல்லாம் சிந்திக்கொண்டிருந்தாள். சுகமில்லை என்று கடிதம் வந்திருக்கிறது என்றாள் ஃபிராவ் கோல்ப. தொலைபேசி எடுத்தால் எபியெரே எடுப்பதில்லை. கமலநாயகி ஒரு கிழமை பொறுத்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆரணி வெளியே போயிருந்த நேரம், கணவருக்கு முன்னால் வந்து கதிரையில் இருந்தாள்.

"உங்களுக்குச் சாப்பாடு தந்த மனுசி இருக்கிறாவெல்லோ."

அவர் நிமிர்ந்தார். "உமக்கெப்பிடித் தெரியும்?"

"அவ எபியெரேன்ர பெரியம்மா. என்னோட பட்டியில நிக்கிற பிள்ளை. அவ சொல்லித்தான் நீங்கள் உயிரோட இருக்கிறது எனக்குத் தெரியும். ஆருக்கும் சொல்லவேண்டாம் எண்டவ. ஆமிக்கு இடம் எப்பிடித் தெரிஞ்சது எண்டு நீங்கள் யோசிக்கேல்லையோ? நான்தான் சொன்னனான்."

பரராசசிங்கம் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். நல்லதுதானே செய்தீர் என்று சொல்லிவிடுவாரோ என்றும் பயந்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை. எழுந்து ஜக்கற்றை எடுத்தார்.

"அந்தப் பிள்ளை எங்க இருக்கிறா?"

"டுயிஸ்பேர்க்கில. என்னத்துக்கு?"

"போகவேணும்."

"என்ன முகத்தோட போறது?"

"நீர் வராட்டி நான் தனியப் போறன். அந்த ஊரில போனும் இல்லை, வள்ளமும் இல்லை, எல்லாத்தையும் எரிச்சுப்போட்டாங்கள். அவவுக்கு ஆர் சொல்லியிருப்பினம்? கண்டவன் நான்."

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை எண்டு சொன்னீங்கள்."

அவர் குனிந்து சப்பாத்தைப் போட்டார்.

இருவரும் ட்ராமில் டுயிஸ்பேர்க்குக்குப் போனார்கள். எபியெரே இருந்தது பழைய தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடியில். கீழ்த்தளத்தில் யாரோ வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள். மணியை அழுத்தியதும் கதவு உடனே திறந்தது. வேறு யாரையோ எதிர்பார்த்திருந்தவள் போல. எபியெரே தலையில் கறுப்புத் துணி கட்டியிருந்தாள். சாவுச் செய்தி மட்டும் எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. கமலநாயகியைக் கண்டதும் அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை.

"நீதான் சொன்னாய்" என்றாள்.

"நான்தான்."

எபியெரே கதவைச் சாத்தப் போனாள். பரராசசிங்கம் தன் ஜேர்மனில் அவசரமாகச் சொன்னார்.

"நான் உங்கள் பெரியம்மாவின் கையால் சாப்பிட்டவன். நான் அங்கே இருந்தேன். பார்த்தேன்."

கதவு நின்றது. எபியெரே அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அவர் கைகளைப் பார்த்தாள். பிறகு ஒதுங்கி வழிவிட்டாள். பின்னால் கமலநாயகி அடியெடுத்து வைத்தபோது உள்ளங்கையை அவள் நெஞ்சுக்கு நேரே நீட்டி நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கமலநாயகி மாடிப்படியில் இருந்தாள். கதவுக்கு அப்பால் கணவரின் குரல் கேட்டது. சொற்கள் விளங்கவில்லை. அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இடையிடையே எபியெரே சின்னதாக ஏதோ கேட்டாள். பிறகு குரல் நின்றது. அதன்பின் எழுந்த சத்தம் அழுகை போல இல்லை. கனத்த சாமானைத் தூக்கும்போது ஒருவர் நெஞ்சிலிருந்து வருகிற சத்தம் மாதிரி இருந்தது. கமலநாயகி காதைப் பொத்தவில்லை. பொத்த உரிமையில்லை என்று நினைத்தாள்.

கீழ்வீட்டுக்காரி குப்பை வாளியோடு போய் வந்தாள். இரண்டு முறையும் அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். யன்னலில் வெளிச்சம் மங்கியது.

கதவு திறந்தது.

"உள்ளே வா" என்றாள் எபியெரே. குரல் கரகரத்திருந்தது. "எனக்கு ஒரு முறை கேட்டது போதாது. அவர் மறுபடி முதலிலிருந்து சொல்லட்டும். இந்த முறை நீயும் இருந்து கேள்."

சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு கதிரை. கமலநாயகி சுவரோடு நின்றாள். யாரும் இருக்கச் சொல்லவில்லை. பரராசசிங்கம் அவளைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. பிறகு எபியெரே பக்கம் திரும்பிச் சொல்லத் தொடங்கினார்.

"விடிந்து கொஞ்ச நேரம். உங்கள் பெரியம்மா மீன் புகைபோடும் பரணுக்குக் கீழே நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார். வள்ளங்களின் சத்தம் கேட்டது. இளைஞர்கள் ஓடிவிட்டார்கள். எங்களைப் பூட்டிவிட்டுத் திறப்பை எறிந்துவிட்டுப் போனார்கள். உங்கள் பெரியம்மா வந்து கோடாரியால் பூட்டை உடைத்தார். நிலத்தில் படுங்கள், படுங்கள் என்று கையால் காட்டினார். காய்ச்சல்காரனின் தலையைத் தன் கையால் அமுக்கிப் படுக்கவைத்தார். அப்போது துவக்குச் சூடு தொடங்கிவிட்டது. அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு வெளியே போனார். அவர்கள் இங்கே இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்கள் என்று கத்திக்கொண்டு போனார். ஆங்கிலத்தில் கத்தினார். எனக்கு விளங்கியது. வாசலில் இருந்து நாலைந்து அடி போயிருப்பார்."

அவர் நிறுத்தினார்.

"எந்தப் பக்கம் விழுந்தாள்?" என்று எபியெரே கேட்டாள். அவளுக்கு விடை தெரியும். சுவரோடு நிற்பவளுக்காகத்தான் கேட்டாள்.

"தண்ணீர்ப் பக்கம். முகம் தண்ணீர்ப் பக்கம் இருந்தது. சிப்பாய்கள் எங்களைத் தூக்கிக்கொண்டு அவருக்கு மேலால் கடந்து போனார்கள். என் கால் அவர் உடுப்பில் பட்டது."

எபியெரே கமலநாயகியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டாயா?"

"ஓம்" என்றாள் கமலநாயகி. இத்தனை வருடம் பேசிய ஜேர்மனில் அந்த ஒரு சொல் அவளுக்கு அகப்படவில்லை. எபியெரேக்கு அது விளங்கியது.

வெளியே ட்ராம் ஒன்று வளைவில் திரும்பிப் போனது. அது போய் அடங்கும்வரை எபியெரே காத்திருந்தாள். பிறகு கதிரையை மேசையோடு நெருக்கிப் போட்டுக்கொண்டு, கைகள் இரண்டையும் மேசைமேல் வைத்தாள்.

"பக்கத்து வீடு என் மச்சானுடையது. நீல நிறக் கதவு. அதைச் சொல்லுங்கள்" என்றாள். "பிறகு அதற்கு அடுத்த வீடு."